பிசிக்ஸ் மாப்பிள்ளையின் விலை

தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க இன்று காலை ரயிலேறி விழுப்புரம் போனேன். பையன் பட்டணத்தில் பிசிக்ஸில் பி.எஸ்ஸி. முடித்தவன். இப்போது ரயில்வே கூட்ஸ் ஆபீசில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதும் குமாஸ்தா.

பையனின் அப்பாவுக்குக் கோலியனூரில் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். மகனையும் மண்டிச் சரக்காகவே பேசினார்.

"நாலு காணிய வித்துப் படிக்க வெச்சங்க. இவன் சம்பளத்துல அந்தக் காசு எந்தக் காலத்துல திரும்பும்? பொண்ணு வூட்டுக்காரங்கதான் ஈடு கட்டணும்."

"கட்டறங்க. அந்த நாலு காணிய மறுபடி வாங்கி, என் தங்கச்சி பேர்ல எழுதிடலாமா?" என்றேன்.

மனுஷர் பதறிப்போனார். "பையனையும் குடுத்து நெலத்தையும் குடுக்கணுமா? நான் என்னா ஏமாளியா?"

பிசிக்ஸ் படித்த மகாராஜா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பஜ்ஜி தின்பதற்கு மட்டும் வாயைத் திறந்தார்.

திண்டிவனம் திரும்பித் தங்கையிடம் எல்லாம் சொன்னேன்.

"அவரு என்னா சொன்னாருண்ணே?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப எனக்கு நெலமே போதும். அது வருசத்துக்கு ஒரு தபாவாவது குடுக்கும். இவங்க வாங்கிக்கினேதான் இருப்பாங்க."

நண்பர்களே, நம் பக்கம் நல்ல காணி விலைக்கு வந்தால் சொல்லியனுப்புங்கள். மாப்பிள்ளை யாரும் வேண்டாம்.