அறைக்குப் பொதுவான ஸலாம்

கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். வாய் அதைவிட நீளம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கல்முனையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பல வருடம் கவுண்டர் வேலை பார்த்தும் என்மேல் ஒரு முறைப்பாடுகூட வரவில்லை என்றால், அதற்குக் காரணம் பக்கத்து மேசையில் இருந்தவள். நான் யாரிடமாவது எரிந்து விழப்போகிறேன் என்று தெரிந்தால் மேசைக்குக் கீழே என் காலை மிதிப்பாள். நன்றாக வலிக்கும்படி மிதிப்பாள்.

அவள் பாலமுனைக்காரி. காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, கதவடியில் நின்று அறை முழுவதற்கும் பொதுவாக ஒரு ஸலாம் சொல்வாள். பிறகு பையை வைத்துவிட்டு, என் பக்கம் குனிந்து எனக்கென்று தனியாக இன்னொன்று.

"ஒண்டு காணாதா? ரெண்டு என்னத்துக்குகா?" என்று, எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் போடும் 'கா'வோடு ஒருநாள் கேட்டேன். "அது கந்தோருக்கு. இது ஒனக்கு" என்றாள்.

அந்த இரண்டாவது ஸலாத்தை நான் இழந்தது ஒரு திங்கட்கிழமை. கவுண்டரில் நல்ல சனம். ஒரு மனிதர் நிரப்பிய படிவத்தோடு மூன்றாவது தரமாக வந்து நின்றார். அவள் அவருக்குக் கொடுத்திருந்தது பழைய படிவம், இனிச் செல்லாது. அவர் சத்தம் போட்டார். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. அவரோடு பாயாமல் அவளோடு பாய்ந்தேன்.

"இதுவும் தெரியாமத்தானா இந்தக் கதிரையில இரிக்காய்? ஒன்னால முழுக் கந்தோருக்கும் பேச்சு!"

வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவளுடைய ஊர் ஆட்களும் அதில் நின்றார்கள். அவள் அந்த மனிதரை உட்காரச் சொல்லி, புதிய படிவத்தைத் தானே நிரப்பிக் கொடுத்து அனுப்பினாள்.

பின்னேரம் கந்தோர் கலையும் நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. போன வாரம் படிவ அலுமாரியை ஒதுக்கி அடுக்கியவள் நான். பழைய படிவக் கட்டை அவளுடைய மேசைத் தட்டில் வைத்தவளும் நான்தான். அவள் அப்போது பக்கத்தில் நின்று குடையைத் தேடிக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது, நாளைக்குச் சொல்லுவோம் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை கதவடியில் ஸலாம் வந்தது. என் பக்கத்தில் வரவில்லை. எனக்கு வீம்பு வந்துவிட்டது. அவள் முதலில் கதைக்கட்டும், பிறகு சொல்கிறேன் என்று இருந்தேன். பிழை செய்தவளுக்கு வீம்பு! அல்லாஹ் என்னை அப்படித்தான் படைத்திருக்கிறான்.

மூன்று நாளைக்கு மேல் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் இருக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் குர்ஆன் ஓதப் போகிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு வேறொரு சட்டம் கைகொடுத்தது. பல பேர் இருக்கும் இடத்தில் சொல்லும் ஸலாத்துக்கு ஒருவர் பதில் சொன்னால் போதும், எல்லோருடைய கடமையும் தீர்ந்துவிடும். மூலையில் இருக்கும் கணக்காளர் தினமும் கணீரென்று பதில் சொல்வார். நான் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். மார்க்கச் சட்டத்தை அவ்வளவு நுணுக்கமாக நான் வேறெதற்கும் கடைப்பிடித்ததில்லை.

கோப்புகள் மட்டும் எங்களுக்கிடையில் போய்வந்தன. மத்தியானம் அவள் சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். கவுண்டரில் நான் குரலை உயர்த்தினால் என் காலை யாரும் மிதிப்பதில்லை. ஒருநாள் வேண்டுமென்றே ஒருவரோடு ஏசிப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. அந்த மனிதர்தான் பாவம்.

அந்த நாட்களில்தான் வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து, பொதுமக்களோடு பண்பாகப் பழகுவது எப்படி என்று எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார். கட்லட்டும் பிளேன்டீயும் முடிந்ததும் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து நடிக்கச் சொன்னார். அவர் கைக்குப் பட்டபடி பிரித்ததில் நான் உத்தியோகத்தர், அவள் பொதுமக்களில் ஒருத்தி.

அவள் என் முன்னால் வந்து நின்று ஸலாம் சொன்னாள். எனக்கு மட்டும். நான் முழுதாகப் பதில் சொன்னேன். கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க" என்றேன். தாமதத்துக்கோ பிழைக்கோ முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அதிகாரியின் பாடம். "எங்கட பக்கத்துல பிழை நடந்து பெய்த்து. மன்னிச்சிக்கங்க" என்றபோது என் குரல் தழுதழுத்தது. நல்ல நடிப்பு என்று எல்லோரும் கைதட்டினார்கள். "பரவாயில்ல மிஸ்" என்றாள் அவள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அவ்வளவு மலிவாக முடிந்ததில் சந்தோஷம் வேறு. அடுத்த நாள் ஸலாம் கதவடியோடு நின்றது. அடுத்த மாதம் அவளுக்கு ஊர்ப்பக்கத்துக் கந்தோருக்கு மாற்றம் வந்தது. போகும்போது எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்து மேசைக்கு வேறொரு பிள்ளை வந்தாள். நல்ல பிள்ளை, என்னை மிஸ் என்று கூப்பிடும். ஆனால் காலையில் கதவு திறக்கும்போதெல்லாம் நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மாதக்கணக்காகப் பார்த்தேன். ஒரு மனிசியின் மிதியைத் தேடி ஒரு கால் ஏங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கடைசியில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அவளுடைய கந்தோரில் சனத்தோடு சனமாக வரிசையில் நின்றேன். வீட்டுக்குப் போய் மெல்லமாகச் சொல்லியிருக்கலாம். சனத்துக்கு முன்னால் ஏசியதைச் சனத்துக்கு முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று பட்டது. என் முறை வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பழைய போம் கட்ட ஒன்ட தட்டுல வெச்சது நான்தான்கா. அண்டைக்குப் பின்னேரமே எனக்குத் தெரியும். ஆக்களுக்கு முன்னால ஒன்ன ஏசினது பிழை. என்ன மன்னிச்சிக்க."

பின்னால் நின்றவர்கள் கதையை நிறுத்திவிட்டார்கள். கவுண்டர் ஓட்டைக்குள்ளால் அவள் கை வந்து என் கையைப் பிடித்தது.

"எனக்கும் தெரியும்கா" என்றாள். "அலுமாரிய ஒதுக்கினது நீதானே. இண்டைக்குச் சொல்லுவாய், நாளைக்குச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கிட்டு இரிந்தன். நீ சொல்லவே இல்ல. மறுகாதான் மாற்றம் கேட்டு எழுதினன்."

என் மற்றக் கையையும் அவள் கைமேல் வைத்தேன். பிறகு பின்னால் யாரோ செருமினார்கள். அடுத்தவருடைய படிவத்தை வாங்க அவளுக்கு அந்தக் கை வேண்டியிருந்தது.