எதிர்வீட்டு விஞ்ஞானி லோவல்

லோவல் பிரிட்சட் பள்ளியில் விஞ்ஞானத்தில் கோட்டை விட்டவன். ஆனால் ஹாலிவுட் படத்துக்குப் படம் அவனைத்தான் விஞ்ஞானி ஆக்கியது. வானத்திலிருந்து எந்தப் பூதம் வந்து இறங்கினாலும், வெள்ளைக் கோட்டோடு வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பயப்பட ஒண்ணுமில்ல" என்பான். அடுத்த காட்சியில் பூதம் அவனைத் தின்றுவிடும். அதே படங்களில் நான் ராணுவ ஜெனரல். ஹாலிவுட்டுக்குப் பக்கத்து ஊரான பர்பாங்கில் என் வீடு அவனுக்கு எதிர்வீடு.

ரஷ்யாக்காரர்கள் செயற்கைக்கோள் விட்ட செய்தி வந்த சாயங்காலம், தெருவே அவன் வாசலில் கூடிவிட்டது.

"புரொபசர், அது நம்ம தலையில விழுந்துருமா?" என்றாள் பக்கத்து வீட்டு டார்சி அம்மாள்.

பாவி, 'நான் வெறும் நடிகன்' என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா? உள்ளே ஓடிப்போய்ப் படத்தில் போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா."

கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. அந்த வசனத்துக்குப் பிறகு அவன் கதி என்னவாகும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

அப்போது அவன் கண்ணில் ஏதோ பூச்சி விழுந்தது. லோவல் கண்ணாடி பிரேமுக்குள்ளேயே விரலை விட்டுக் கண்ணைக் கசக்கினான். படப்பிடிப்பு விளக்கு பட்டுப் பளிச்சிடக் கூடாதென்று எங்களுக்கு எப்போதும் வெறும் பிரேமைத்தான் தருவார்கள்.

"அட பித்தலாட்டக்காரா! இதுல கண்ணாடியே இல்லையே!" என்று கத்தினான் கூட்டத்தில் ஒருவன்.

தெருவே சிரித்தது. லோவலும் சிரித்தான். டார்சி அம்மாள் மட்டும் சிரிக்காமல் விறுவிறுவென்று என்னிடம் வந்தாள்.

"அந்த ஆள விடுங்க. ஜெனரல், நீங்க சொல்லுங்க. பட்டாளம் எப்ப வருது?"

என்னை அறியாமல் விறைப்பாக நிமிர்ந்தேன்.

"கிளம்பியாச்சும்மா."