வெள்ளைப் பேசினில் கறுத்த மீனுக்காக நுவரெலியா வரை

இதைப் படித்துவிட்டு யாருக்கும் காட்டாதீர்கள், தயவுசெய்து. கொட்டகலையில் ஒருவர் கண்ணில் பட்டாலும் அப்பா காதுக்குப் போய்விடும். இன்று சனிக்கிழமை, ஹட்டன் டியூஷனுக்கென்று கிளம்பி, தனியாக நுவரெலியாவுக்குப் போய் வந்தேன். தெரிந்தால் டியூஷனும் நின்றுவிடும்.

காரணம் ஷர்மிளா. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த வீடு, ஒரே வகுப்பு. திங்கட்கிழமை விஞ்ஞானப் போட்டிக்காக அவள் வீட்டில் சேர்ந்து திலாப்பியா மீன் வளர்க்கிறோம். கறுப்புப் பேசினில் மீன் கறுக்கும், வெள்ளையில் வெளுக்கும். தோலிலுள்ள கறுப்புத் துணிக்கைகளை ஒரு ஹோர்மோன் பரப்பும், இன்னொன்று ஒடுக்கும். இதைத் தேடிப் படித்தது நான். தண்ணீர் மாற்றுவதும் நான். "ஷர்மிளா நல்லாப் பேசுவா, நீ மீனப் பாத்துக்கம்மா" என்றார் டீச்சர்.

அவள் செய்தது ஒன்றுதான். பார்க்க அழகாயிருக்கும் என்று வெள்ளைப் பேசினில் இன்னும் இரண்டு பெரிய மீன்களை விட்டாள். அன்றிலிருந்து சின்ன மீன் மட்டும் கறுத்தே கிடக்கிறது. ஏனென்று அவளுக்கு முன் நான் கண்டுபிடிக்க வேண்டும்.

காலை ஏழேகாலுக்குப் பஸ். தலவாக்கலை, நானுஓயா வழியாகச் சுமார் நாற்பது கிலோமீட்டர், இரண்டு மணித்தியாலம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அருவி தெரியும். நான் தலையைக் குனிந்தே இருந்தேன்.

"தங்கச்சி தனியாவா?" என்றார் கண்டக்டர்.

"மாமா ஸ்டாண்ட்ல நிப்பாருங்க."

"அப்ப பேக்க மடியில வைங்க. அதுக்குச் சீட்டு வாங்கலயே."

நுவரெலியா டவுனில் அலங்கார மீன் கடை ஒன்று இருக்கிறது. அதைத் தேடித்தான் போனேன். அங்கும் வெள்ளைத் தொட்டியில் ஒரு மீன் மட்டும் கறுப்பாக மூலையில் ஒண்டியிருந்தது. பெரிய மீன் அதைத் துரத்திக்கொண்டே இருந்தது. சட்டென்று புரிந்தது. பயத்திலும் ஹோர்மோன் சுரக்கும். தொட்டி எவ்வளவு வெள்ளையாயிருந்தாலும் அது மீனைக் கறுக்க வைத்துவிடும்.

"நானா, அத மட்டும் தனியா விட்டுப் பாக்கலாமா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"மீன் வாங்க வந்ததா புள்ள, பரீட்ச வைக்க வந்ததா?" என்று சிரித்தபடி வெள்ளை வாளியில் விட்டார். மார்க்கெட்டைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தேன். வெளுக்கத் தொடங்கியிருந்தது.

போகிறவர்கள் ஸ்வெட்டர் கொண்டு போங்கள். திரும்பும் பஸ்ஸில் நின்றுதான் வர வேண்டியிருக்கும். மீன் வளர்ப்பவர்கள் சின்னதைப் பெரியதோடு விடாதீர்கள்.

மாலையில் ஷர்மிளா வந்தாள். "ஏன்டி இது வெளுக்க மாட்டேங்குது? எல்லார் முன்னாடியும் மானம் போயிரும்டி" என்று அழுதாள். அழும்போதும் அவள் அழகாகத்தான் இருக்கிறாள். "தெரியல" என்றேன்.

சின்ன மீனை நாளைக் காலை தனியாக விட்டாலும் திங்கட்கிழமைக்குள் வெளுத்துவிடும். சொன்னால் கைதட்டல் முழுவதும் அவளுக்கு. சொல்லாவிட்டால்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்து விளக்கைப் போடுகிறார். ஷர்மிளாவின் குரல்.

"மாமா, அவள எழுப்புங்க. சின்ன மீனு ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு. அவளுக்குத்தான் தெரி