ரியாக்டருக்குள் ஒரு குடம் தீர்த்தம்

1. நெருப்புக்குத்தான் பயந்தோம்

அவிநாசிக்குப் பக்கத்தில் சோயா எண்ணெயிலிருந்து பயோடீசல் காய்ச்சும் கம்பெனியில் நான் ஆபரேட்டர், பெயர் மணி. காய்ச்சுகிறோம் என்றதும் போலீஸ்காரர் மாதிரி பார்க்க வேண்டாம், லைசென்ஸ் இருக்கிறது. ஒன்பதாவது வரை படித்தேன். பத்தாவதை வெளியே நின்று வேடிக்கை பார்த்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக, எங்கள் முதல் பேட்ச் ஓடிய நாளைப் பற்றி எழுதுகிறேன். காலேஜ் முடித்தவர்களும் படிக்கலாம், தப்பில்லை.

தொழில் இதுதான். சோயாவைப் பிழிந்தால் புண்ணாக்கு பல்லடம் பக்கம் கோழிக்குப் போகும், எண்ணெய் எங்களுக்கு வரும். அதைச் சூடாக்கி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து ரியாக்டர் என்கிற பெரிய மூடிய தொட்டியில் கலக்க வேண்டும். கிளிசரின் அடியில் தங்கும். மேலே தேன் நிறத்தில் பயோடீசல் நிற்கும். சுத்தம் செய்து டீசல் வண்டியில் ஊற்ற வேண்டியதுதான். இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். புகை குறையும்.

முதல் பேட்ச் அன்று பூஜை வைத்தார்கள். மெத்தனாலுக்குப் பக்கத்தில் கற்பூரம் ஏற்றினால் கம்பெனியே ஜோதியாகிவிடும். அதனால் பூஜையைக் கேட்டுக்கு வெளியே வைக்கச் சொல்லி, நான் மணல் வாளியோடு ஐயருக்குப் பின்னால் நின்றேன். பாவம், அவர் சாமியைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்.

நெருப்பு வெளியே பத்திரமாக இருந்தது. உள்ளே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

2. கேசரி

எங்கள் முதலாளி ரங்கராஜ். அவருடைய மாமனார் பவானி கூடுதுறையிலிருந்து இரண்டு குடம் தீர்த்தம் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் வெளியே கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் ஏணியில் ஏறி, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒரு குடத்தை ரியாக்டருக்குள் கவிழ்த்துவிட்டார். மணல் வாளியை வைக்க நான் உள்ளே வந்தபோது காலிக் குடத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா! என்னுங்க பண்ணிப்போட்டீங்க?"

"மேலால தெளிச்சா தகரத்துக்குத்தானே கண்ணு புண்ணியம்? அதான் உள்ளயே ஊத்திப்போட்டேன்."

முதலாளியிடம் ஓடினேன். "எண்ணெயில தண்ணி கலந்துபோச்சுங்க. நல்லாக் காயவெச்சுத் தண்ணிய எடுத்துப்போட்டு நாளைக்கு ஓட்டலாமுங்க."

அவர் வாட்சைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப்போவுதுடா மணி. நாளைக்கின்னு மாமாகிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதானுங்க மாப்பிள்ளை."

"அதனாலதான்டா சொல்ல முடியல. சுச்சப் போடு."

போட்டேன். எண்ணெய், காஸ்டிக், தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்த சோப்புக் கம்பெனிக்காரரையும் கேளுங்கள். கலக்கி முடித்து, தெளியவிட்டு, கீழ் வால்வைத் திறந்தேன். கிளிசரினும் வரவில்லை, பயோடீசலும் வரவில்லை. எல்லாம் சோப்பாகி, கொழகொழவென்று கேசரி வந்தது. முந்திரி மட்டும்தான் இல்லை.

3. சின்னச்சாமியின் துண்டு

அன்று மாலை வேன்காரர் சின்னச்சாமி வருவதாக இருந்தது. பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் அவருடையவை. அந்த வண்டிகளின் புகை, லோடு ஏற்ற வைத்திருக்கும் வெள்ளைத் துணியில் கரியாகப் படிகிறது. இனியும் புகைந்தால் வண்டியே வேண்டாம் என்று பனியன் கம்பெனிகளில் சொல்லிவிட்டார்கள். புகை குறைந்தால் எல்லா வேனுக்கும் எங்களிடமே வாங்குவதாக அவர் பேச்சு. எங்களுக்கு வேறு கஸ்டமர் கிடையாது. இவரும் போய்விட்டால், முதலாளி கம்பெனியைப் பூட்டிவிட்டு மாமனார் வீட்டுத் தோப்பில் தேங்காய் பொறுக்க வேண்டியதுதான்.

வந்ததும் நேராக வால்வுக்குக் கீழே குனிந்து பார்த்தார். "ஏனுங்க ரங்கராஜு, இதையா என்ற வண்டில ஊத்தப்போறீங்க? கரண்டி எங்கீங்?"

"அது வேற அய்ட்டமுங்ண்ணா," என்றார் முதலாளி. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

நல்லவேளையாக, முன்பு சின்ன டிரம்மில் சோதனைக்குக் காய்ச்சிய பயோடீசல் ஒரு கேன் ஆபீஸில் இருந்தது. அதுதான் எங்கள் மொத்தச் சொத்து.

சின்னச்சாமி தோளிலிருந்த வெள்ளைத் துண்டின் ஒரு முனையைச் சைலன்சருக்கு நேரே பிடித்து, டிரைவரை ரேஸ் பண்ணச் சொன்னார். அந்த முனை கரித்துணி ஆனது. இன்ஜினை நிறுத்தி, கேனை டேங்கில் ஊற்றினேன். டேங்கில் கொஞ்சம் டீசல்தான் மிச்சம் இருந்தது. காலிக் கேனை ஓரமாக வைத்துவிட்டுத் திரும்புகிறேன், டேங்க் வாயருகே மாமனார். இடுப்பில் இரண்டாவது குடம், சாய்கிறது.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்று சொன்னால் பெரியவர் கோபித்துக்கொள்வார். சொல்லாவிட்டால் கதை முடிந்தது.

"ஐயா! அது வண்டிக்குப் பொறவாசலுங்க! சாமி முன்னால இருக்குது, முன்னால வாங்க!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பானெட்டைத் திறந்தேன். வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும் டப்பா வறண்டு கிடந்தது. "இதுல ஊத்துங்க. வண்டி தானாவே தீர்த்தம் தெளிச்சுக்கும்."

"தானாவேவா?"

"நீங்களே பாருங்க."

ஊற்றினார். பானெட்டை மூடினேன், டிரைவர் லிவரை இழுத்தார். கண்ணாடிக்கு மேலே தீர்த்தம் இரண்டு கோடாக எழும்பி, பக்கத்தில் நின்ற சின்னச்சாமியின் வழுக்கையில் இறங்கியது. "கோவிந்தா! கோவிந்தா!" என்று மாமனார் கும்பிட்டார். ஆர்டர்தான் கோவிந்தா என்று நான் நினைத்தேன்.

சின்னச்சாமி தலையைத் துடைக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, பைப்பிலிருந்த பழைய டீசல் தீர்ந்ததும் துண்டின் மறுமுனையைப் பிடித்தார். லேசான டீக்கறை அளவுதான்.

"பொகையே காணமுங்க!"

"தீர்த்தமுங்க!" என்றார் மாமனார்.

முதலாளி விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"எல்லா வண்டிக்கும் ஊத்தலாமுங்க ரங்கராஜு. ஆனா ஒரு கண்டிசன்."

"சொல்லுங்ண்ணா."

"இந்தப் பெரியவரு ஒவ்வொரு வண்டிக்கும் வந்து அந்த டப்பாவுல ஊத்தோணும்."

4. தம்பிகளுக்கு

பயோடீசல் பழைய டேங்கின் அழுக்கைக் கரைத்து இழுத்துவரும். முதல் சில தடவை ஃபில்டர் அடைக்கும். கஸ்டமர் உங்களைத்தான் திட்டுவார். புது ஃபில்டர் ஒன்றைக் கையோடு கொடுத்துவிடுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரியாக்டர் மூடிக்குப் பூட்டுப் போடுங்கள்.

பூட்டையும் மீறிக் குடத்தோடு ஒரு பெரியவர் வந்தால், ஊத்தாதீங்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கே ஊத்தணும் என்று சொல்லுங்கள்.