பக்கீர் முகம்மது பார்க்காத பிறை

என் வீட்டுக்காரரைப் பற்றி நானே எழுதுவது அவ்வளவு சரியில்லைதான். ஆனால் வேறு யார் எழுதினாலும் நல்ல மனிதர், அமைதியானவர் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். நல்ல மனிதர்தான். அமைதியானவர் என்பது கடைந்தெடுத்த பொய். போடிமெட்டுச் சாலையின் வளைவுகளில் எதிரே வருகிற வண்டிக்காரர்களோடு அவர் பேசுகிற பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான்.

பெயர் பக்கீர் முகம்மது. போடியில் சொந்தமாக ஒரு ஜீப் வைத்து ஓட்டுகிறார். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை விடியும் முன்பே ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார்; பொழுது சாய்வதற்குள் இறக்கிக்கொண்டு வந்து விட்டுவிடுவார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதுதான் அவர் சோலி. தன்னைப் பற்றிப் பெரிதாக அளக்க மாட்டார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மனிதருக்குக் கர்வம் உண்டு. அது பிறை பார்ப்பது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். போடிக்கு மேற்கே மலை சுவராக நிற்கிறது. மற்ற ஊர்களில் சூரியன் அடிவானம் வரை இறங்கிப் போகும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வானம் பளிச்சென்று இருக்கும்போதே மலை சூரியனை வாங்கி வைத்துக்கொள்ளும், தெருவில் நிழல் விழுந்துவிடும். சூரியன் கதையே இப்படி என்றால் ரமலான் முடிவில் தேடுகிற தலைப்பிறையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நிலா பூமியைச் சுற்றி வருகையில் அமாவாசையன்று சூரியன் இருக்கும் பக்கமே போய் நிற்கும். மறுநாள் சாயங்காலம் கொஞ்சம் விலகி, நூல் மாதிரி தெரியும். சூரியன் இறங்கிய கையோடு அதுவும் பின்னாலேயே இறங்கிவிடும். போடியில் நின்று தேடினால் மலைதான் தெரியும்.

அதனால் இருபத்தொன்பதாம் நோன்பு அன்று சாயங்காலம் பள்ளிவாசல் ஜமாத்திலிருந்து இரண்டு மூன்று பேர் மலை மேலே இருக்கும் போடிமெட்டுக்கு ஏறுவார்கள். வண்டி இவருடையது. தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி, பேரீச்சம்பழம், நான் சுட்ட வடை எல்லாம் போகும். மேலே ரோட்டோரத்தில் ஒரு பாறை. அதன் மேல் இவர் ஏறி நிற்பார். எதிரே கேரளத்துப் பக்கம் மலைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒரு மலைக்கு நடுவில் வெட்டுப்பட்டது போல ஒரு பள்ளம். இவர் வைத்த பெயர் பல்லுப்போன மலை. அந்தப் பள்ளத்தில்தான் இவர் வருடா வருடம் பிறையைப் பார்த்தார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போது, பல்லுச் சந்துல பாருங்க என்று கையை நீட்டுவாராம். அங்கே இருக்குமாம். மகள் மெஹ்ரின் பிறந்ததைக்கூட என்னிடம் இத்தனை தடவை சொன்னதில்லை, இதைச் சொல்லியிருக்கிறார்.

நடுவில் சில வருடம் அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. ஊரடங்கு வந்தது. பிறகு ஒரு வருடம் மேகம், ஒரு வருடம் இவருக்குக் காய்ச்சல், ஒரு வருடம் ஜீப் பட்டறையில் கிடந்தது. பிறை தெரிந்த தகவல் எப்படியும் போனில் வந்துவிடுகிறதே என்று ஜமாத்திலும் விட்டுவிட்டார்கள். இந்த வருடம் இவர்தான் விடாப்பிடியாகக் கிளம்பினார். ஜமாத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். கூட மொக்கச்சாமி அண்ணனும் போனார். அவரும் ஜீப் டிரைவர், இவருக்குச் சின்ன வயதிலிருந்து சேக்காளி. நோன்புக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, கஞ்சிக்கும் அவருக்கும் நிறைய உண்டு.

அங்கே நடந்ததை அண்ணன்தான் பிற்பாடு எனக்குச் சொன்னார். ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் லோடு லாரி திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. வண்டிகள் வரிசையாக நின்றன. ஜீப்புக்குள்ளேயே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறந்தார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது சூரியன் இறங்கி விட்டிருந்தது. இவர் அவசரமாகப் பாறையில் ஏறிப் பல்லுச் சந்தைக் காட்டினார். எல்லோரும் அங்கேயே பார்த்தார்கள். பாறைக்கு இடப்பக்கம் புதிதாக ஒரு டீக்கடை போட்டிருந்தார்கள்; அதன் தகரக் கூரை பாதி வானத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. பார்க்க வேண்டிய இடம் வலப்பக்கம் அல்லவா இருந்தது.

பிறை தெரியவில்லை. இருட்டிய பிறகு இறங்க ஆரம்பித்தார்கள். பாதி வழியில் போன் அடித்தது. வேறு ஊர்களில் பிறை நன்றாகத் தெரிந்திருக்கிறது, நாளைக்குப் பெருநாள். பெரியவர்கள் சந்தோஷத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நமக்குத்தான் மூட்டம் மறைத்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். இவர் வண்டியை ஓரங்கட்டி, முழங்கால் வலிக்கிறது என்று சாவியை மொக்கச்சாமி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். இவர் மலையில் இன்னொருத்தரிடம் சாவியைக் கொடுத்து அண்ணன் பார்த்ததே இல்லையாம்.

எனக்கு அது எதுவும் அப்போது தெரியாது. நான் பெருநாள் துணிகளுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தேன். தையல்காரிக்குப் பெருநாள் ராத்திரி நிம்மதியாக விடிந்ததாகச் சரித்திரம் கிடையாது.

காலையில் தொழுதுவிட்டு வந்தார். எல்லோருக்கும் முகமன் சொன்னார். பிரியாணித் தட்டை முன்னால் வைத்தேன். சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். உப்பு கூடிப்போச்சா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். மெஹ்ரின் எழுந்து உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்.

“கமரு, ஜீப்பை வித்துருவோம்.”

நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு என்று சத்தம் போட்டேன். அவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

“எனக்குக் கண்ணு போச்சு. எங்கத்தாவுக்குப் போன மாதிரியே போச்சு. வானத்துல ஒரு பொட்டு மேகமில்ல. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பிறை எனக்குத் தெரியல.”

என் மாமனார் லாரி ஓட்டியவர். இவருடைய இந்த வயதில்தான் அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. கடைசிக் காலத்தில் என் குரலை வைத்துத்தான் நான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார். பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி திட்டுவது. பெரியவர்களுக்கும் தெரியவில்லையே, அவர்களுக்கும் கண் போச்சா என்று கேட்டேன். அவர்கள் கண்ணாடி போட்ட கிழவர்கள் என்றார். மொக்கச்சாமி அண்ணன் என்றேன். அவன் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றார். பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தார், ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார்.

“பொம்பளைப் புள்ளைகளைப் பின்னாடி நெருக்கி உக்கார வச்சுக்கிட்டு அந்த வளைவுல திருப்புறேன். என்னைய நம்பித்தான் தூங்கிக்கிட்டு வருதுக. தெரியாத கண்ணை வச்சுக்கிட்டு நான் ஓட்டலாமா?”

ஜீப் போனால் சோறு போய்விடாது, என் மிஷின் இருக்கிறது. ஆனால் ஜீப் இல்லாத பக்கீர் முகம்மதுவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார், அவர் அத்தா இருந்த மாதிரியே. எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, சாயங்காலம் நாம் எல்லோரும் மேலே போகிறோம், எந்த இடத்தில் நின்று எதைப் பார்த்தீர்கள் என்று எனக்குக் காட்ட வேண்டும் என்றேன். பெருநாளன்று சாயங்காலம் குடும்பத்தோடு மலைக்குப் போவது எங்கள் ஊரில் வழக்கம்தான், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. மொக்கச்சாமி அண்ணன் ஓட்டினார். இவர் பக்கத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்து வந்தார். எதிர் வண்டிக்காரன் ஒருவனைக்கூடத் திட்டவில்லை. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

இந்த முறை லாரி எதுவும் மறிக்கவில்லை. மெட்டுக்குப் போனபோது வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது. இவர் நேரே பாறைக்குப் போய் ஏறினார். நானும் மெஹ்ரினும் டீ வாங்கக் கடைக்கு அந்தப் பக்கம் போனோம். டம்ளரைக் கையில் வாங்கித் திரும்பினால் முகத்தில் வெயில் அடிக்கிறது. சூரியன் எனக்கு நேர் எதிரே ஒரு மலை முகட்டில் உட்காரப் போகிறது. நான் டீக்கடையைச் சுற்றி வந்து பாறையைப் பார்த்தேன். அவர் கூரையின் நிழலில், வேறு பக்கமாக முகத்தைத் திருப்பிப் பல்லுப்போன மலையை முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

“மெஹ்ரின் அத்தா, எங்க பாக்குறீங்க?”

“எங்க பாக்கணுமோ அங்கதான்.”

“கொஞ்சம் இறங்கி இந்தப் பக்கம் வாங்க.”

முனகிக்கொண்டே இறங்கி வந்தார். கடையைத் தாண்டியதும் வெயில் அவர் கண்ணிலும் அடித்தது. கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். திரும்பிப் பல்லுச் சந்தைப் பார்த்தார். மறுபடி சூரியனைப் பார்த்தார்.

“அது அங்கதானே இறங்கும்” என்றார், யாரோ திருடிக்கொண்டு வந்து இங்கே வைத்துவிட்ட மாதிரி.

எனக்குச் சட்டென்று என் தையல் மிஷின்தான் ஞாபகம் வந்தது. அது மேற்கு ஜன்னலோரம் இருக்கிறது. வைகாசியில் சாயங்கால வெயில் ஜன்னலின் வலது ஓரம் வழியாக வந்து ஊசியிலேயே விழும், நூல் கோக்க முடியாது. இழுத்து நகர்த்துவோம். மார்கழியில் இடது ஓரம் வழியாக வரும். மறுபடி நகர்த்துவோம். வருடா வருடம் நகர்த்துகிறவர் யார்? இவர்தான். ஒவ்வொரு முறையும் இந்தச் சூரியனுக்கு ஒரு இடத்தில் நிலையாக இறங்கத் தெரியாதா என்று திட்டிக்கொண்டே தூக்குவார். அதே மனிதர் மலை மேல் வந்தால் மட்டும் அது வருடம் பூராவும் ஒரே பள்ளத்தில் இறங்கும் என்று நினைத்திருக்கிறார்.

“நீங்க அந்தச் சந்துல பிறை பாத்தப்பல்லாம் நோன்பு எந்த மாசம் வந்துச்சு?” என்று கேட்டேன்.

யோசித்தார். மாம்பழக் காலம் என்றார். தண்ணீர் குடிக்காமல் மலை ஏறி நாக்கு ஒட்டிக்கொண்டது, அக்கினி வெயில் என்றார். சொல்லிக்கொண்டு வரும்போதே அவர் வாய் மெல்ல நின்றது. நோன்பு சந்திரனைக் கணக்கு வைத்து வருவது. சந்திரனின் பன்னிரண்டு மாதம் சூரியனின் வருடத்தைவிடக் குறைவு என்பதால் ரமலான் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துவிடும். அது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அவர் பிறை பார்க்கப் போகாத அந்த வருடங்களில் நோன்பு அக்கினி வெயிலிலிருந்து பங்குனிக்கு வந்துவிட்டது. சூரியன் இறங்கும் இடமும் அதோடு இடப்பக்கம் தள்ளி வந்துவிட்டது. தலைப்பிறை அதை விட்டு எங்கே போகும்? நேற்று அது இந்தத் தகரக் கூரைக்குப் பின்னால்தான் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றிருக்கிறது. லாரி மட்டும் மறிக்காமல் இருந்திருந்தால் சூரியன் அந்தச் சந்துக்கு வராததைப் பார்த்துத் தானே திரும்பியிருப்பார்.

சூரியன் இறங்கியது. நாங்கள் கடைக்கு இந்தப் பக்கமே நின்றோம். இது இரண்டாம் பிறை, கொஞ்சம் உயரத்தில் இருக்கும் என்று மெஹ்ரின் சொன்னாள். நான் வானத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யா அல்லா, இந்த மனிதருக்கு அது தெரிய வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று கேட்டேன்.

“அந்தா” என்றார்.

எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் கண்டார். அவர் நீட்டிய விரல் வழியாகப் பார்த்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. தோணி மாதிரி மல்லாந்து கிடந்தது. மொக்கச்சாமி அண்ணன் கண்டுபிடிக்க இன்னும் நேரமானது. “மாப்ளே, உனக்காடா கண்ணு போச்சு?” என்று அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

இவர் அத்தோடு விடவில்லை. “அந்தத் தோணிக்கு மேல மிச்ச வட்டமும் மங்கலாத் தெரியுதே, பாத்தியா கமரு?” என்றார். எனக்குத் தெரியவில்லை. உற்றுப் பார்த்தேன், கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. மெஹ்ரினுக்குத் தெரிந்தது. சூரிய வெளிச்சம் நம் பூமியில் பட்டு, இங்கிருந்து நிலாவுக்குப் போகிறது, அதுதான் அந்த மங்கல் என்றாள். நான் மறுபடியும் பார்த்தேன். எனக்குப் பிறை மட்டும்தான் தெரிந்தது, அதுவும் ஓரத்தில் கொஞ்சம் கலங்கலாக.

“அப்ப கண்ணாடி உனக்குத்தான்” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார் பாருங்கள், டீக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மெஹ்ரின்தான் முந்தானையை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரமே இருவரும் கண் டாக்டரிடம் போனோம். அவர் கண்ணில் ஒரு குறையுமில்லை, ஆனாலும் அப்பாவுக்கு இருந்ததால் வருடம் ஒருமுறை காட்ட வேண்டும் என்றார்கள். எனக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் அன்று மலையிலேயே என் பயம் போய்விட்டது. மொக்கச்சாமி அண்ணன் சாவியை நீட்ட, இவர் வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். முதல் வளைவிலேயே லைட்டைத் தணிக்காமல் வந்த ஒரு கார்க்காரனுக்குச் செமத்தியாகக் கிடைத்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சாலையில் நான் ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் ஓதிக்கொண்டுதான் வருவேன். அன்று எத்தனையாவது வளைவில் கையை விட்டேன் என்று எனக்குத் தெரியாது.

“கமரு, எந்திரி. வீடு வந்துருச்சு” என்று அவர் தோளைத் தட்டியபோதுதான் விழித்தேன்.