பாவாடை கட்டிய கார்

ஒர்லீன் டேட்டம் அமெரிக்காவின் பிளின்ட் நகரத்துக் கார் ஆலையில் இருக்கை உறை தைப்பவள். ஊரார் உட்காரத் தைத்துத் தைத்தே விரல் காய்த்துப்போனவள். 1971-இல் தனக்கென்று ஒரு பெரிய கார் வாங்கப் போனபோது, விற்பனைக்காரன் காட்டிய அலங்காரமில்லாத மொட்டைக் காரை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பச்சை வினைல் கூரை, இமைபோல் மூடித் திறக்கும் முன்விளக்கு, பூவேலை இருக்கை, பின் சக்கரத்தை மறைக்கும் தகடு, அத்தனையும் வேண்டும் என்றாள். அந்தத் தகட்டுக்குக் கார்க்காரர்களிடையே பாவாடை என்று பெயர்.

“எல்லாம் தனிக் காசும்மா. கார் ஓடறதுக்கு இது எதுவுமே வேணாம்.”

“நீ நடக்கறதுக்கு அந்த டைகூடத்தான் வேணாம். கட்டிக்கலையா? எல்லாத்தையும் எழுதுப்பா.”

வந்தது ஞாயிற்றுக்கிழமை, கூடவே வம்பும். தேவாலயத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில், போதகர் காரைவிடப் பகட்டான கார் முன்வரிசையில் நிற்கக் கூடாது என்பது சபையின் எழுதாத சட்டம். போதகர் இதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே. அந்தப் பூசாரி, சபை நிர்வாகம் பார்க்கும் டீக்கன் ஓசியா ப்ரூட்.

ஆராதனைக்கு வருபவர்களை வாசலில் நின்று இடம் காட்டி உட்காரவைப்பது ஒர்லீனின் ஊழியம். வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக அவள் முன்வரிசையில் காரை நிறுத்தி இறங்கியதும் டீக்கன் வந்துவிட்டார்.

“சிஸ்டர், அந்தப் பாவாடையைக் கழட்டிட்டு இங்க நிறுத்துங்க. இல்லேன்னா பின்னாடி கொண்டு போங்க. அடக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?”

அவள் வாயெடுக்கும் முன்பே பின் சக்கரம் உஸ்ஸென்று இறங்கியது. ஆணி. பாவாடையைக் கழற்றாமல் அந்தச் சக்கரத்தைத் தொடவே முடியாது. டீக்கனுக்குச் சிரிப்புத் தாளவில்லை.

“பாத்தீங்களா, கர்த்தரே கழட்டச் சொல்லிட்டார்.”

அவமானத்தில் ஒர்லீனுக்குக் காது சுட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கிற ரத்தமா அது? கையுறையைக் கழற்றி வைத்தாள். பம்பரில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினாள். தகட்டின் உள்ளே கைவிட்டுக் கொக்கியை இழுத்தாள். ஒரு சனியன் பிடித்த நட்டு மட்டும் மக்கர் செய்தது. ஓர் உதை விட்டதும் வழிக்கு வந்தது. சக்கரம் மாறியது.

“அப்படியே விட்டுடுங்க சிஸ்டர். அதான் கழண்டுடிச்சே.”

“மழையில நனைஞ்சா சட்டையைக் கழட்டி மாத்துவீங்க. அதுக்காக வெறும் உடம்போடவா சபைக்கு வருவீங்க, டீக்கன்?”

பாவாடையை மறுபடி மாட்டினாள். கையைத் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். கார் முன்வரிசையிலேயே நின்றது.

தேவாலயக் கதவின் கண்ணாடி வழியே பார்த்தால் டீக்கன் இன்னும் அங்கேதான். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, மனுஷர் குனிந்து பூவேலை இருக்கையை ஆசை தீர எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஜெபம் தொடங்கிவிட்டது.

விழுந்தடித்து ஓடிவந்தார். ஒர்லீன் வெள்ளைக் கையை உயர்த்தினாள். ஜெப நேரத்தில் அந்தக் கை உயர்ந்தால் போதகரின் மனைவியே நின்றாக வேண்டும், டீக்கன் எம்மாத்திரம்.

ஆமென் சொன்னதும் அவர் உள்ளே முன்வரிசை இருக்கைக்கு நகரப் பார்த்தார். கை இறங்கவில்லை.

“லேட்டா வந்தவங்க பின்னாடிதான், டீக்கன். நீங்க போட்ட சட்டம்தானே.”

அவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.