கால் சுற்றில் சிக்கிய வட்டு

விஸ்கான்சினில் ஒரு பல்சக்கரத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் மயிரிழை பிசகாமல் அளந்தவர் வெர்லின். ஓய்வு பெற்றதும் கார் ஷெட்டில் தானே ஒரு சிஎன்சி ரவுட்டரைக் கட்டினார். கணினியில் வரைந்ததை மரத்தில் வெட்டித் தரும் இயந்திரம் அது.

சனிக்கிழமை காலையில் பழைய கூட்டாளிகள் காப்பிக் கோப்பையோடு வந்து சூழ்ந்து நிற்பார்கள். பலகையில் ஒரு வட்டத் துளை, அதே அளவில் ஒரு வட்டு, இரண்டையும் அவர்கள் கண்ணெதிரே வெட்ட வேண்டும். வட்டைத் துளைக்குள் வைத்துத் திருப்பினால் முழுச் சுற்றும் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். எட்டு மாசமாக இதே கதை: வாரம் முழுக்க வழுக்கிய வட்டு, சனிக்கிழமை மட்டும் கால் சுற்றில் சிக்கிக்கொள்ளும்.

"இன்னிக்கும் முட்டைதானா? ஆம்லெட் போட்டுரலாமா?" என்பான் கூட்டாளிகளில் ஒருவனான டுவேன். இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு காப்பி குடிப்பதுதான் அவன் வழக்கம்.

மோட்டாரை, வெட்டும் தலையை நகர்த்தும் திருகுதண்டோடு பிடித்திருக்கும் திருகு தளர்ந்தால் வட்டம் கெட்டு முட்டை வடிவமாகிவிடும். வெர்லினுக்கு அது தெரியும். முடுக்கினேனே என்பார். முடுக்கவில்லையோ என்று பயப்படுவார். அவருடைய அப்பா இதே வயதில்தான் தன் பெயரையே மறந்தார். போன வாரம் மனைவி லோர்னா அவரை டாக்டரிடம் அழைத்துப்போனாள். டாக்டர் மூன்று வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிக் கேட்டார். பாவம் மனிதர், பயத்தில் இரண்டைக் கோட்டைவிட்டார். அன்றே லோர்னா கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

இந்த வெள்ளிக்கிழமை அவர் திருகை முடுக்கி, அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை நேராகச் சிவப்புக் கோடு ஒன்று இழுத்தார். தொழிற்சாலைப் பழக்கம். திருகு அசைந்தால் கோடு விலகிவிடும்.

சனிக்கிழமை காலையில் கோடு நேராக இருந்தது. கூட்டம் வந்தது. வெட்டினார், திருப்பினார், சிக்கியது. எல்லோரும் சிரித்தார்கள். குனிந்து பார்த்தார். கோடு விலகியிருந்தது.

"நீயாடா?" என்றார், இயந்திரத்தின் மேல் சாய்ந்திருந்த டுவேனிடம்.

"கண்டுபுடிச்சிட்டான்யா! சும்மா தமாஷுக்குடா. இதுக்கு உனக்கு எட்டு மாசமா?" என்றான் டுவேன்.

டோனட் தட்டோடு வந்த லோர்னா, "இன்னிக்கி வேணாம்னு சொன்னேன்ல, டுவேன்," என்றாள்.

வெர்லின் அவள் பக்கம் திரும்பினார். "டாக்டர்கிட்ட போனப்பவே உனக்குத் தெரியுமா?"

"டோனட் சூடா இருக்கு, எல்லாரும் எடுத்துக்கோங்க."

அவர் திருகை முடுக்கி மறுபடி வெட்டினார். வட்டு முழுச் சுற்றும் வழுக்கிக்கொண்டு வந்தது. கை தட்டினார்கள்.

"சாவியக் குடு, லோர்னா."

"டாக்டர் என்ன சொன்னாருன்னு மறந்துட்டியா?" என்றாள் அவள்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று வெர்லினுக்கு உடனே ஞாபகம் வரவில்லை.